போர்டில் ஓடிய மூன்றாவது பெயர்

மூணு பேருக்கும் சேர்த்து ஒரே மூளையைக் கொடுத்த சாமி, அதையும் மறதியாகத் திரும்ப வாங்கிக்கொண்டாராம். அந்த மூணு பேர் பலவேசம், ஆவுடை, சொள்ளமுத்து. சி என்கிற கம்ப்யூட்டர் மொழியைப் படித்துவிட்டு ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தார்கள்.

அவர்களுடைய சேக்காளி தளவாய்க்குக் கல்யாணம். மண்டப வாசலில் எழுத்து ஓடுகிற போர்டு ஒன்று உண்டு. அதில் தளவாய் பெயரையும் பெண் இசக்கியம்மாள் பெயரையும் ஒட்டி ஓடவிடுவது இவர்கள் பொறுப்பு.

சி சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குப் போன் போட்டார்கள்.

"சி-யில பேரு தானா ஒட்டாதுலே. முதல்ல இடம் இருக்கான்னு பாரு. மாப்பிள்ளை பேரோட கடைசிக்குப் போ. அங்கேருந்து பொண்ணு பேரை ஒவ்வொரு எழுத்தா போடு. முடிஞ்சதும் ஒரு சைபர் வை. சைபரைப் பாத்தாத்தான் போர்டு நிக்கும்."

ஆவுடை டேப்பை எடுத்துக்கொண்டு போய் மண்டபம், சமையல்கட்டு, செருப்பு விடுகிற இடம் வரை அளந்துவிட்டு, "இடம் தாராளமா கெடக்கு" என்றான். சொள்ளமுத்து ஏணி போட்டு ஏறி, போர்டின் கடைசியில் போய் உட்கார்ந்தான். பலவேசம் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். ரெண்டு எழுத்து சேர்ந்து விழுந்துவிடக் கூடாதே!

சைபரில்தான் சிக்கல் வந்தது.

"கல்யாண வீட்டுல சைபர்ல முடிக்கலாமாலே?"

"மொய்யே நூத்தியொண்ணாத்தானே வைக்கோம். மொட்டையா நூறு வச்சா சண்டைக்கு வருவாவ."

"அப்ப ஒண்ணு வையி. மங்களமா இருக்கட்டும்."

ஒண்ணு வைத்தார்கள். சைபரைக் காணாத போர்டு நிற்கவில்லை. போன முகூர்த்தத்தில் போட்டு யாரும் அழிக்காமல் விட்ட பெண் பெயர் பின்னால் கிடந்தது. அதையும் இழுத்துக்கொண்டு ஓடியது: தளவாய்... இசக்கியம்மாள்... 1... செண்பகவல்லி!

சேதி மேடைக்கு எட்டியது. "எவ அந்தச் செண்பகவல்லி?" என்று இசக்கியம்மாள் மாலையைக் கழற்றினாள். "அது தெரியாம தாலிக்குக் கழுத்த நீட்ட மாட்டேன்."

தளவாய் வேட்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிவந்தான். "ஏலே, என் கல்யாணமே நிக்கப் போவுது! அந்தச் சைபர வைங்கலே!"

"தாலி கட்டுற நேரத்துல சைபரா? வாயக் கழுவுலே" என்றான் பலவேசம்.

மூவரும் தலையைச் சேர்த்து யோசித்தார்கள்.

"போர்டுல பேரு இருக்கு, மேடையில ஆளு இல்ல. அதானே சண்டை?"

"ஆமா. ஆளக் கொண்டாந்துட்டா சரியாப்போவும்."

ஒரே பைக்கில் மூவரும் பறந்தார்கள். நல்ல நேரம் முடியப்போகிற சமயத்தில் பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்ணோடு மேடைக்கு வந்து நின்றார்கள். பின்னால் ஒரு மனுஷன் தயங்கித் தயங்கி வந்தார்.

"பயப்படாத மாப்ளே" என்றான் ஆவுடை. "செண்பகவல்லி அக்கா சம்மதிச்சிட்டாவ. அவிய வீட்டுக்காரர்தான், எதுக்கும் பொண்ணு வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கிடுவோம்ங்காரு."