மூன்று கொட்டான் உப்பும் முதல் இலையும்

நேசவிளை என்று பேர் வைத்தவன் அந்த ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காமலேயே வைத்திருக்க வேண்டும். அங்கே தேவாலயத்தில் வடபக்கத்து பெஞ்சுக்காரர்களுக்குக் கீர்த்தனை, தென்பக்கத்தாருக்குப் பாமாலை. எதை முதலில் பாடுவது என்று தொடங்கிய சச்சரவு முற்றி, ஏழு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு பக்கம் பாடினால் மறுபக்கம் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கும். அப்படி இறுக்கியதில் ஒருவருடைய பொய்ப்பல் உள்ளே போய், பிரசங்கத்தின் நடுவே அவர் வயிற்றுக்குள் கடகடவென்று கிடுகிடுத்ததாம். சந்தேகமுள்ளவர்கள் அந்த வயிற்றிலேயே காதை வைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் உபதேசியார் வேதக்கண். போதகர் இல்லாத நாளில் சபையைப் பார்த்துக்கொள்கிறவர். வடக்கே பார்த்துச் சிரித்தால் தெற்கே கோபம் வரும் என்று, பாவம், கூரையைப் பார்த்துச் சிரிக்கப் பழகியிருந்தார்.

அசனப் பண்டிகை வந்தது. சபையார் அத்தனை பேரும் சேர்ந்து உட்கார்ந்து ஒரே கறிக்குழம்பைச் சாப்பிடுகிற நாள். அந்தக் குழம்புக்கு அண்டா ஒன்றுதான், ஏணி வைத்து ஏறித்தான் கிண்ட வேண்டும். வடபக்கத்துச் சமையலுக்கு ஞானாபரணம், தென்பக்கத்துக்கு எப்சிபாய் அம்மாள். ஒருவர் ஏணியில் ஏறினால் மற்றவர் விறகுக் கட்டைப் பார்க்கப் போய்விடுவார். போதகர் வந்து ஜெபம் செய்து முடிக்கும்வரை அசனக் குழம்பில் ஒரு துளி கூட யார் நாக்கிலும் படக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம்.

‘உப்பு போட்டாச்சா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாய் வரவேண்டுமே! அந்தப் பக்கம் போட்டிருக்காது என்று ஞானாபரணம் ஓலைக் கொட்டான் நிறைய உப்பைக் கவிழ்த்தார். அதே நினைப்பில் எப்சிபாயும் ஒரு கொட்டான் கவிழ்த்தாள். இருவரையும் தூரத்திலிருந்து பார்த்த வேதக்கண்ணுக்கோ குழப்பம். ‘ஒருத்தரை ஒருத்தர் நம்பி ரெண்டு பேருமே விட்டிருப்பாங்களோ? வடக்கே கேட்டால் தெற்கே முறைப்பார்கள். தெற்கே கேட்டால்...’ யாரும் பார்க்காத நேரம் பார்த்து ஏணியில் ஏறினார். மூன்றாவது கொட்டான் அவருடையது.

போதகர் ஜெபித்தார். “இந்த வருஷம் சபையை ஒன்றாக்குகிறவருக்குத்தான் முதல் இலை. யாரென்று உபதேசியார் சொல்லட்டும்” என்று அறிவித்துவிட்டு, அடுத்த ஊர் அசனத்துக்கு ஜெபிக்கக் கிளம்பிவிட்டார்.

வேதக்கண் ஒரு சொட்டு நக்கினார். கண்ணுக்குள் கடல் தெரிந்தது. அவர் முகம் போன போக்கிலேயே ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“வடக்கத்திக் கை!” என்றது தென்பக்கம். “உங்க பாமாலைக் கை!” என்றது வடபக்கம். கரண்டிகள் உயர்ந்துவிட்டன. அப்போது எண்பத்தாறு வயது யோசபாத் தாத்தா குழம்பு வாங்கப் பனையோலையை மடித்த பட்டையை நீட்டினார். “ஊத்துங்கடே.” மடமடவென்று குடித்தார். மீசையைத் துடைத்தார். “நல்லாத்தானே இருக்கு? இன்னும் ஊத்து.” மூன்று பட்டை உள்ளே போயிற்று. கரண்டிகள் தாமாகவே இறங்கின. கிழவர் அதற்கப்புறம் மூன்று நாள் கிணற்றடியை விட்டு நகரவில்லை, கிணறு நாலு முழம் இறங்கிவிட்டது என்பார்கள்.

ஞானாபரணத்துக்கு அதைப் பார்த்ததும் உடம்பு கூசிற்று. “யாரையும் சொல்லாதீங்க. உப்பு முழுக்க என் கைதான்” என்றார் எல்லோர் முன்னாலும். அண்டாவடியில் கிடந்த மூன்று வெறுங்கொட்டானும் அவர் கண்ணில் படாமலில்லை. வேதக்கண் கூரையைத் தேடினார். வெட்டவெளியில் ஏது கூரை?

எப்சிபாய் இன்னொரு அண்டாவை ஏற்றினாள். தேங்காயும் கத்தரிக்காயும் வாழைக்காயும் இரண்டு பக்கத்து வீடுகளிலிருந்தும் வந்து குவிந்தன. உப்புக் குழம்பையும் புதுக் குழம்பையும் கலக்கப் போகிற நேரத்தில், கையில் அகப்பையோடு, ஊரே பார்க்க ஞானாபரணத்தின் பக்கம் திரும்பி நின்றாள்.

“அண்ணே, இதுல உப்பு போட்டாச்சா?”

ஞானாபரணம் ஒரு சொட்டு நக்கிப் பார்த்தார். “இல்லம்மா. போடணுமா?”

“ஐயோ, வேண்டாம்ணே!”

கலந்தார்கள். குழம்பு தேவாமிர்தமாகிவிட்டது. மூன்று ஊரைக் கூப்பிட்டும் தீராமல், அந்த வழியாகப் போன பஸ்ஸை நிறுத்தி ஓட்டுநரையும் உட்கார வைத்தார்கள்.

ஆனால் முதல் இலை விழாமல் யாரும் சாப்பிட முடியாதே! “சண்டையை நிறுத்தினவரு தாத்தாதான்” என்றார்கள் சிலர். “பழியைத் தலையில போட்டுக்கிட்டாரே, எங்க ஆளு!” என்றது வடபக்கம். “முதல்ல வாயைத் திறந்தது எங்க எப்சிபாய்!” என்றது தென்பக்கம். குரல்கள் ஏறின. வேதக்கண் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தப்பான பேரைச் சொன்னால் அரை நாளில் ஒட்டிய சபை அரை நொடியில் பிய்ந்துவிடும். சரியான பேரைச் சொல்லத்தான் தனக்கு என்ன யோக்கியதை? மூன்றாவது கொட்டான் அவர் காலடியிலேயே கிடந்து அவரைப் பார்த்தது.

நீங்களே சொல்லுங்கள்: வேதக்கண் அந்த இலையை யார் முன்னால் விரிக்க வேண்டும்?

விடை: யோசபாத் நிறுத்தியது அன்றைய அடிதடியை. ஞானாபரணம் தணித்தது அன்றைய கோபத்தை. இரண்டும் பெரிய காரியந்தான்; ஆனால் அடுத்த அசனத்திலும் கேட்காமலேதான் உப்பு விழுந்திருக்கும். காலையிலேயே யாராவது கேட்டிருக்க வேண்டிய கேள்வியைச் சாயங்காலமாவது கேட்டவள் எப்சிபாய். இலை அவளுக்கே. வேதக்கண்ணும் அப்படித்தான் விரித்தார், விரிக்குமுன், “மூணாவது கொட்டான் என்னுது. நானும் கேக்கல” என்று சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து, பரிமாறுகிறவர் வழக்கப்படி இலை ஓரத்தில் முதலில் உப்பு வைக்கக் குனிந்தார். “வேண்டாம்!” என்று வடக்கும் தெற்கும் ஒரே குரலில் கத்தின. ஏழு வருஷத்தில் நேசவிளைச் சபை சேர்ந்து பாடிய முதல் பாட்டு அதுதான்.