ஒரு கைக்கு எட்டாத பட்டன்

விலங்கியல் விரிவுரையாளர் ஜெசிந்தாவுக்குக் கல்லூரி வேலை போய்விட்டது. கைக்குழந்தையை விட்டுவர ஆளில்லாமல், இடுப்பில் வைத்துக்கொண்டே செயலி வடிவமைக்கும் வேலைக்கான நேர்காணலுக்கு வந்தாள். இதையும் விட்டால் வேறு வழியில்லை.

"தடுப்பூசிக்கு நேரம் பதியும் எங்கள் செயலியில் குறையே இல்லை. அம்மாக்களுக்குத்தான் உபயோகிக்கத் தெரியவில்லை. தவளை அறுத்த உங்களுக்கு என்னம்மா தெரியும்? முடிந்தால் ஒரு குறை காட்டுங்கள்" என்றார் முதலாளி கஜேந்திரன்.

"எங்கள் பாடத்தில் செய்முறைத் தேர்வு உண்டு சார்" என்று குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். "இப்போது பதியுங்கள்."

குழந்தை அவர் கண்ணாடியைப் பிடுங்கியது. போனைப் பிடித்த கையின் கட்டைவிரல் மேல்மூலையிலிருந்த பதிவு பட்டனுக்கு எட்டவேயில்லை.

"இந்தப் பட்டனை எவன்யா அங்கே வைத்தது?"

"அம்மாக்களும் அதைத்தான் கேட்கிறார்கள் சார்."

கஜேந்திரன் குழந்தையிடமிருந்து கண்ணாடியை மீட்டுக்கொண்டார். "நாளைக்கே வேலைக்கு வாங்கம்மா."

"இவனையும் தூக்கிக்கொண்டா சார்?"

"இவனில்லாமல் தேர்வு எப்படி வைப்பீர்கள்?"