இருநூத்தி இருபதைத் தொடாத முள்

மொட்டாம்பாளையத்துக்காரங்களை முட்டாளுங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. சொன்னதைச் சொன்னபடி செய்யறவங்க, அவ்வளவுதான். அதுல நம்ம சென்னியப்பன் ஒரு படி மேல.

வயசு முப்பத்தெட்டாகியும் அவனுக்குப் பொண்ணு அமையலை. கடைசியா அமைஞ்ச இடத்துல பொண்ணோட அப்பா நாச்சிமுத்து ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என்ற புள்ள கோகிலவாணி ஏசியிலயே வளந்தவ. ஏசி இல்லாத பக்கம் குடுக்க மாட்டனுங்க."

சென்னியப்பன் வீட்டுல ஃபேனே திக்கித் திக்கித்தான் சுத்தும். ஆனா பயல் விடுவானா? கட்டில், அடுப்பு, ஏசி எல்லாம் உள்ளேயே இருக்கிற பழைய கேரவன் ஒண்ணை வாடகைக்குப் பிடிச்சான். ஆழியார் பக்கம் கேரவன் நிறுத்தித் தங்கற ஒரு மைதானத்துல சாயங்காலம் பொண்ணு பார்க்கறதுன்னு ஏற்பாடு. அக்கா புருஷன் குப்புராசும் பங்காளி திருமூர்த்தியும் துணைக்கு வந்தாங்க.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துச்சு. மைதானத்துக் கம்பத்துலிருந்து வயர் இழுத்து ஏசியைப் போட்டா, அது ஒரு தடவை முனகிட்டுப் படுத்துக்கிச்சு.

மைதானத்து மேனேஜர் வந்து பார்த்துட்டு, "இங்க லோ வோல்டேஜுங்க"ன்னு ஒரு பூஸ்டர் பெட்டியைக் குடுத்தார். "கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவுல இதை மாட்டுங்க, கரண்டை ஏத்திக் குடுக்கும். பெட்டியில முள்ளு இருநூத்தி இருபதைத் தொட்டாத்தான் ஏசி போடோணும். ஏசி ஓடறப்ப வேற எதுவும் ஓடக் கூடாது." சொல்லிட்டு அவர் ஊருக்குள்ள போயிட்டார்.

திருமூர்த்தி தோள் துண்டால அளந்தான். சரியான நடு ஒரு சேத்துக்குழியில விழுந்தது.

"ஓரமா வெச்சா என்னுங்க மச்சான்?" என்றான் சென்னியப்பன்.

"கரண்டு நடுவுல வந்து தேடுமல்லோ மாப்ள? பெட்டியைக் காணோம்னா திரும்பிப் போயிரும்" என்றார் குப்புராசு.

நியாயம்தானே! குப்புராசே முழங்கால் சேத்துல இறங்கி, பெட்டியைத் தலையில வெச்சுக்கிட்டு நின்னார்.

அடுத்தது ஓடற சமாச்சாரம். சென்னியப்பன் கைக்கடிகாரத்துல பேட்டரியைப் பிடுங்கினான். அந்தப் பக்கமா ஓடின கோழி ஒண்ணைத் திருமூர்த்தி துரத்திப் பிடிச்சு சக்கரத்துல கட்டினான். துரத்தறப்ப அவனும் ஓடினானே, அவனையும் கட்டோணுமான்னு ஒரு பேச்சு வந்தது. நல்லவேளை, அவன் சட்டுனு உக்காந்துட்டான்.

முள்ளு மட்டும் நூத்தி அறுபதுலயே நின்னுச்சு. கெஞ்சினாங்க, மிரட்டினாங்க. அது அசையலை.

சென்னியப்பன் குழியோரம் குந்திட்டான். "இந்தச் சம்பந்தமும் போச்சுன்னா நான் கடைசி வரைக்கும் ஒண்டிக்கட்டைதானுங்க மச்சான்!" கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

குப்புராசு தலையில பெட்டியோட யோசிச்சார். "முள்ளு மேல ஏற மாட்டேங்குது. சரி, இருநூத்தி இருபதைக் கீழ எறக்கிட்டா?"

அடடா, மூளைன்னா மூளை! திருமூர்த்தி வெத்தலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்து, முள்ளு நின்ன எடத்துக்கு நேரா கண்ணாடி மேல 220ன்னு எழுதினான். ஏசியைப் போட்டாங்க. அனல்காத்து வீசிச்சு. முள்ளு தொட்டிருச்சே, அப்புறம் குளிராம என்ன?

பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்க. கதவைச் சாத்தினதும் நாச்சிமுத்து சட்டையைப் பிழியலாம் போல ஆயிட்டார்.

"என்னுங்க தம்பி, இப்படி வேகுது?"

"இருநூத்தி இருபதுங்க மாமா! ஆரு வேணும்னாலும் வந்து பாருங்க."

கோகிலவாணிதான் இறங்கிப் போனா. சேத்துக்குழியோரம் நின்னு முள்ளை உத்துப் பார்த்தா. திரும்பி வந்து அப்பா நெத்தியில கை வெச்சா.

"அப்பா, ஏசி சரியாத்தான் ஓடுது. உங்களுக்குத்தான் காய்ச்சல்."

கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து அவர் வாயில செருகினா. பார்த்தா, தொண்ணூத்தெட்டு. சென்னியப்பனுக்கு உசிரே போயிருச்சு.

அவ அசரலை. நகப்பாலீஷை எடுத்து, பாதரசம் நின்ன எடத்துல செவப்பா ஒரு கோடு இழுத்து, ஊதிக் காய வெச்சா. "நூத்தி நாலு."

இவளல்லவா பொண்ணுன்னு சென்னியப்பன் வாயைப் பிளந்தான்.

"ஐயோ, நூத்தி நாலா!" நாச்சிமுத்து கட்டில்ல சாஞ்சு, ரெண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடிச்சுக்கிட்டார். "ஏனுங்க மாப்ள, நூத்தி அஞ்சு ஆகறதுக்குள்ள நாளைக்கே முகூர்த்தம் வெச்சிரலாம்!"

"பதறாதீங்கப்பா" என்றாள் கோகிலவாணி. "பாலீஷ் காஞ்சுருச்சு. இனி ஏறாது."