விற்பவர் அறிந்தது

"அவுட்ரேட்டா, எம்.ஜி.யா, கமிஷனா? எதுல போனா நான் தப்பிப்பேன், டீச்சர்?"

தணிகாசலம் இன்னும் உட்காரக்கூட இல்லை. அதற்குள் கேட்டுவிட்டார்.

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தார். வடபழனியில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து சினிமாக்காரர்களுக்கு ஒப்பந்தம் எழுதித் தருவது அவர் தொழில். வயது முப்பத்தெட்டுதான். முன்பு பள்ளிக்கூடத்தில் வணிகவியல் நடத்தியவர் என்பதால், தலை நரைத்த தயாரிப்பாளர்களும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"யார்கிட்டேயிருந்து தப்பிக்கணும்?"

"எல்லார்கிட்டேயிருந்தும்."

பாவம், அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆரணியில் முப்பது வருஷம் பெயிண்டும் பைப்பும் விற்றவர். சினிமா ஆசை இருபது வயதில் வந்திருந்தால் நாலு படம் பார்த்துத் தீர்ந்திருக்கும். அறுபதில் வந்தது, படமே எடுக்க வைத்துவிட்டது. வீட்டுப் பத்திரம் ஃபைனான்சியரின் பீரோவுக்குப் போனது. படம் வெளியாவதற்குள் கடன் அடையாவிட்டால் வீடும் போய்விடும்.

"உட்காருங்க சார். படம் எப்படி வந்திருக்கு?"

தணிகாசலம் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். பிறகு உட்கார்ந்தார்.

"முதல் பாதி தேவலாம். ரெண்டாம் பாதி படுத்துடுச்சு. எடிட்டிங் ரூம்ல முழுசா பார்த்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

"வாங்க ஆள் இருக்கா?"

"பரமக்குடியிலேர்ந்து ஒருத்தர். சோணைமுத்துன்னு பேரு. முதல் தடவையா படம் வாங்கறார். மதுரை-ராமநாதபுரம் ஏரியாவை எடுத்துக்கறேங்கறார். மத்த ஏரியா வித்ததெல்லாம் வட்டிக்கே போச்சு. இது ஒண்ணுதான் பாக்கி. நல்ல விலைக்குப் போனா வீடு மீண்டுடும்."

"அவர் படம் பார்த்துட்டாரா?"

"ட்ரெய்லர் பார்த்தார். அதுலயே மயங்கிட்டார். முழுசா பார்க்கறதுக்குள்ள முடிச்சிடணும், டீச்சர்."

மெஹருன்னிசா தணிகாசலத்தின் கையிலிருந்த ரெக்ஸின் பையைக் கேட்டு வாங்கினார். பத்திரத்தின் ஜெராக்ஸ், கடன் காகிதங்கள், வக்கீல் நோட்டீஸ் எல்லாம் அடைத்துப் பை கனத்துக் கிடந்தது.

அதைத் தணிகாசலத்தின் மடியில் வைத்தார்.

"இது கமிஷன். அவர் படத்தை ஓட்டிக் குடுப்பார், தன் கூலியை எடுத்துப்பார். நஷ்டம் வந்தா உங்களோடது."

பையை எடுத்து, அவர் நாற்காலிக்கும் பக்கத்து நாற்காலிக்கும் நடுவில் இரண்டிலும் படுகிற மாதிரி வைத்தார்.

"இது எம்.ஜி., அதாவது மினிமம் கேரன்ட்டி. குறைஞ்சது இவ்வளவுன்னு அவர் முன்னாடியே தந்துடுவார். அதுக்கு மேல வந்தா ரெண்டு பேருக்கும் பங்கு."

பிறகு பையைப் பக்கத்து நாற்காலியின் மேல் நகர்த்திவிட்டார். அந்த நாற்காலியில் யாரும் இல்லை.

"இது அவுட்ரேட். மொத்தமா ஒரு விலை. அப்புறம் லாபமோ நஷ்டமோ அவர் பாடு. நீங்க திரும்பிப் பார்க்க வேண்டாம்."

தணிகாசலத்துக்கு மூச்சு வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது.

"அங்கேயே இருக்கட்டும், டீச்சர்."

"சரி. நாளைக்குப் பதினோரு மணிக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க."

அவ்வளவுதான். ஒரு வார்த்தை தடுத்துச் சொல்லியிருந்தால் தணிகாசலமும் நாலு வார்த்தை பதில் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டிருப்பார். டீச்சர் அதற்கு வழி வைக்கவில்லை.

மறுநாள் சோணைமுத்து தணிகாசலத்தோடு பத்தரைக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத புதுச் சட்டை. இருபத்திரண்டு வருஷமாகத் தியேட்டர் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு நடத்துகிறவர், இன்றைக்கு விநியோகஸ்தர் ஆகப் போகிறார். அந்தச் சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

நேற்றுப் பை இருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தார்.

"அண்ணே, நம்ம ஊரு குண்டு மிளகாய் வத்தல். வீட்டுல குடுங்க" என்று ஒரு பொட்டலத்தைத் தணிகாசலத்தின் கையில் வைத்தார்.

"எதுக்குப்பா இதெல்லாம்?"

"இருக்கட்டும்ணே. மக பேருல ஒரு எடம் கெடந்துச்சு, அதை வித்துத்தான் பணம் கொண்டாந்துருக்கேன். அவளே சொல்லிட்டா, வித்துக்கங்கப்பான்னு."

மெஹருன்னிசா அவரைக் கேட்டார்: "நீங்க படம் பார்த்தீங்களா?"

"இல்லீங்க. அதான் அண்ணன் பார்த்திருக்காகள்ல?"

தணிகாசலம் மின்விசிறியைப் பார்த்தார்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் 'படத்தைப் பற்றி விற்பவர் அறிந்தது' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே மூன்று வரி காலியாக இருந்தது.

"டீச்சர், இங்க விட்டுப் போச்சே."

"விட்டுப் போகலை சார். அதை மட்டும் நான் எழுத மாட்டேன். விக்கிறவங்கதான் கைப்பட எழுதணும். இந்த ரூம்ல அதுதான் வழக்கம்."

"எல்லாரும் என்ன எழுதுவாங்க?"

"குடும்பத்தோட பார்க்க வேண்டிய தரமான படம்னு எழுதுவாங்க. முக்கால்வாசிப் பேர் அதைத்தான்."

"அதை எழுதினா போதுமா?"

"உங்க இஷ்டம். நான் படிச்சுப் பார்க்க மாட்டேன். அவர்தான் படிப்பார்."

தணிகாசலம் பேனாவைத் திறந்தார். 'குடும்பத்தோடு' என்று ஒரு வார்த்தை எழுதினார். அதற்கு மேல் கை ஓடவில்லை.

பக்கத்தில் சோணைமுத்து சட்டைப் பையிலிருந்து சின்ன சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டதும் ஒரு போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்ப வேண்டுமாம்.

தணிகாசலம் எழுதிய வார்த்தையை அடித்தார். கீழே ஒரு வரி எழுதினார். வீடு போச்சு என்று நினைத்துக்கொண்டார். அழுகை முட்டியது. வெளியாள் முன்னால் அழக்கூடாது என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காகிதத்தைப் பக்கத்தில் தள்ளினார்.

சோணைமுத்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படித்தார்.

"ரெண்டாம் பாதி படுத்துவிட்டது. பார்த்துவிட்டு வாங்கவும்."

கீழே தெருவில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது.

சோணைமுத்து எழுந்தார்.

தணிகாசலம் மிளகாய்ப் பொட்டலத்தை எடுத்து அவரிடம் திருப்பி நீட்டினார். "மன்னிச்சிடுப்பா."

சோணைமுத்து அதை வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துத் தணிகாசலத்தின் பக்கம் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"எந்த எடத்துல படுக்குதுண்ணே?"

"அதுதான் தெரியலை. நாலு தடவை பார்த்துட்டேன், பிடிபடல."

"எனக்குப் பிடிபடும்ணே. படம் ஓடிக்கிட்டு இருக்கையிலேயே எந்த சீனுக்கு ஆளுக வண்டிய எடுக்க வெளிய வர்றாகன்னு இருபத்திரண்டு வருசமா வாசல்ல நின்னு பார்த்தவன் நான். கையெழுத்து கெடக்கட்டும். மொதல்ல படத்தைக் காட்டுங்க."