தாசில்தாரின் இருமல்

"தியானமே கூடமாட்டேங்குது, அம்மா" என்றார் பிச்சாண்டி.

தவமணி அம்மா மடத்துக் கிணற்றடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். குருவுக்கு நாற்பத்தைந்து வயது, சீடருக்கு அறுபத்து மூன்று.

எத்தனை நாளாக என்று கேட்டார் அம்மா.

பதின்மூன்று நாளாக. விடியற்காலை ஐந்து மணிக்குக் கண்ணை மூடினால் போதும், தெருவில் ஒரே ஹாரன். பன்னிரண்டு வருஷமாக இல்லாத இரைச்சல் இப்போது எங்கிருந்துதான் வந்து தொலைத்ததோ என்று அலுத்துக்கொண்டார்.

பதின்மூன்று நாளைக்கு முன்னால் என்ன நடந்தது?

"ஒண்ணுமில்லை. பக்கத்து வீட்டுத் தாசில்தார் தண்டபாணி காலமானார். எண்பத்தொன்பது வயசு, கல்யாணச் சாவு."

துக்கத்துக்கு இவர் உள்ளே போகவில்லையாம். அன்று மௌன விரதம், வாசலில் நின்று கும்பிட்டதோடு சரி. பதினாறாம் நாள் படத்திறப்பு. இருபது வருஷம் அண்டை வீடு, நீங்கள்தான் பேச வேண்டும் என்று மகள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

என்னத்தைப் பேசுவது? ரிட்டயராகி முப்பது வருஷம் கழித்தும் தெருமுனையில் நாற்காலி போட்டு, போகிற வருகிற வண்டியை எல்லாம் நிறுத்திக்கொண்டிருந்த மனிதர். அதிகாரம் பண்ணியே பழகிவிட்டது, பாவம். படத்திறப்பு அன்று மடத்திலேயே இருந்துவிடலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்.

அம்மா கீரைத் தண்டை ஒடித்தார்.

"நாளைக்கு அந்த நாற்காலியில போய் உட்காருங்க."

உட்கார்ந்தார். ஹாரன் அடித்துக்கொண்டு வந்த பால்காரர் எத்திராஜ், நாற்காலியில் ஆளைப் பார்த்ததும் சட்டென்று வண்டியை அணைத்தார்.

"தாசில்தார் ஐயாதான்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன், சார்."

எத்திராஜின் அம்மாவுக்கு முதியோர் பென்ஷன் மனு எழுதிக் கொடுத்தவர் அவர்தானாம். மூன்று தடவை தள்ளுபடியானது. நான்காவது தடவை, எண்பது வயதில், தான் ஒரு காலத்தில் ஆண்ட அதே தாலுகா ஆபீஸில் போய் வரிசையில் நின்றாராம்.

ஹாரனைப் பற்றிக் கேட்டார் பிச்சாண்டி.

"'உள்ளே ஒருத்தர் தவம் பண்றார், வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போப்பா'ன்னு சொல்வார். எல்லாருக்கும் அதேதான். மழைன்னாலும் குடையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பார். யார் அதுன்னு கேட்டா பேர் சொல்ல மாட்டார். இப்ப அவர் இல்லாத முனையில நிக்க மனசு வரலை, சார். நேரா ஓட்டிக்கிட்டுப் போயிடறேன்."

பிச்சாண்டிக்கு நாற்காலி சுட்டது. எழுந்திருக்கவும் முடியவில்லை.

தாசில்தாரின் மகள் மங்கையர்க்கரசி வாசலிலிருந்து இதைப் பார்த்தார். உள்ளே போய், நாலாக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். "அப்பாவோட ஃபைல்ல இருந்துச்சு, அண்ணே. நாளைக்குப் பேச உதவும்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை என்றிருந்தது பிச்சாண்டிக்கு.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தாள், பிச்சாண்டியின் கையெழுத்து. தாசில்தார் வீட்டு கேட் இடுக்கில் செருகிவிட்டு வந்ததையே மறந்திருந்தார்.

'ஐயா, விடியற்காலையில் உங்கள் இருமல் சுவர் தாண்டி வந்து என் தியானத்தைக் கெடுக்கிறது. வேறெங்காவது போய் இருமவும். பிச்சாண்டி.'

ஓரத்தில், ஆபீஸ் குறிப்பு எழுதுகிற நறுக்கான கையெழுத்தில்:

'மனுதாரர் கோரிக்கை நியாயமானது. நாளை முதல் நாற்காலி தெருமுனைக்கு மாற்றப்படும். பிற ஓசைகளும் கவனிக்கப்படும்.'

கீழே தேதி, கையொப்பம்.

பிச்சாண்டி நேராக மடத்துக்குப் போனார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைத் தரையில் வைத்தார்.

"உடம்பெல்லாம் கூசுது, அம்மா. வயசான மனுஷனை வீட்டை விட்டு வெளியே துரத்தியிருக்கேன். அவர் காவலுக்கு உட்கார்ந்ததை அதிகாரம்னு உங்ககிட்டயே வந்து சொன்னேன்."

அம்மா படித்தார். திரும்பவும் ஒரு தடவை படித்துவிட்டு, மடித்து அவர் கையிலேயே கொடுத்தார்.

"நாளைக்கு நான் என்னன்னு பேசுவேன்?"

"பேச வேண்டாம். இதை வாசிங்க."

பிச்சாண்டி தாளைப் பார்த்தார். ஓரத்துக் குறிப்பை மட்டும் வாசித்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"நான் எழுதினதுக்குக் கீழே என் பேர் இருக்கே, அம்மா."

"அதையும் வாசிங்க."