முத்திருளனுக்கு நட்ட கல்

முன்னொரு காலத்தில் செம்மலை நாட்டை மணிமாற பூபதி என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் ஒருவனைப் பல்லக்கில் ஏற்றுவார். சாயங்காலம் அதே பல்லக்கை அவனையே தூக்கச் சொல்வார். நல்ல மனுஷர்தான், ஆனால் நம்பிப் பக்கத்தில் நிற்க முடியாது.

ஒரு பிறந்தநாளன்று ராஜாவுக்குப் பால் பாயசத்தின் மேல் ஆசை வந்தது. "ஊர் மாடுகளை எல்லாம் ஓட்டி வாருங்கள்!" என்றார். தளபதி சிங்கராயன் ஓட்டி வந்தான். அடுப்பு மூட்டுவதற்குள் ராஜாவின் ஆசை கொழுக்கட்டைக்குத் தாவிவிட்டது. மாடுகளை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அவை சிங்கராயனின் தொழுவத்திலேயே தங்கிவிட்டன.

எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். முத்திருளன் என்ற மாட்டுக்காரன் மட்டும் தொழுவத்துக்குள் புகுந்து, ஊர் மாடுகள் அத்தனையையும் அவிழ்த்துக்கொண்டு மலையேறினான். தடுத்த காவல்காரனின் கையை ஒடித்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிறகு அரண்மனைக் களஞ்சியங்களை உடைத்தான். அள்ளிய நெல்லில் பாதி ஊருக்கு, பாதி அவனுக்கு. அரண்மனை அவனைக் கொள்ளைக்காரன் என்றது. ஊர் சாமி என்றது. கடைசியில் சிங்கராயன் அவனைக் கொன்றான். அதற்காக ராஜா தம் கையாலேயே தளபதியின் காலில் வீரக்கழல் பூட்டினார்.

முத்திருளனின் மனைவி பூவாயி புருஷனுக்கு நடுகல் நட்டாள். ஊரே போய்க் கும்பிட்டது. சிங்கராயனுக்கு வயிறு எரிந்தது.

"கொன்றவன் நான், கும்பிடு அவனுக்கா? கல்லைப் பிடுங்கி, அவளை நாடு கடத்துங்கள் அரசே!"

பூவாயியைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் தலை குனியவில்லை.

"உன் புருஷன் திருடன் என்று உன் வாயால் சொல். உன்னை விட்டுவிடுகிறேன்" என்றார் ராஜா.

"நான் சொல்ல மாட்டேன் மகாராசா. தளபதி ஐயா சொல்லட்டும், ஒத்துக்கிறேன். ஆனா ஊர்ல ஒரு வம்புப் பேச்சு. ஐயா பின்னால ஒளிஞ்சு நின்னு ஈட்டிய எறிஞ்சாராம்."

சிங்கராயனின் மீசை துடித்தது. "பொய்! நேருக்கு நேர் நின்றான். மார்பில் எறிந்தேன். ஓரடி பின்வாங்கினானா அவன்? அப்படிப்பட்டவனையே சாய்த்தேன்!"

பூவாயி சபையைத் திரும்பிப் பார்த்தாள். "எல்லாரும் கேட்டீகளா? மாட்டை மீட்கப் போயி, மார்புல காயம்பட்டு விழுந்தவனுக்குக் கல் நடுறது இந்த நாட்டு வழக்கம். மகாராசாவோட பாட்டனாருக்கும் அப்படித்தான் கோட்டை வாசல்ல கல் நிக்குது."

சிங்கராயனுக்கு வியர்த்தது. "இல்லை... இப்போதுதான் நினைவு வருகிறது. அவன் ஓடினான். முதுகில்தான்..."

சபை கொல்லென்று சிரித்தது.

"ஓடுகிறவன் முதுகில் எறிந்ததற்கா உனக்குக் கழல் பூட்டினேன்?" என்று ராஜா சீறினார். "முதுகு என்றால் கழலைக் கழற்று. மார்பு என்றால் கல் நிற்கும். எது?"

சிங்கராயன் தன் காலைப் பார்த்தான். "மார்புதான்" என்று முனகினான்.

"சத்தமாக!"

"மார்புதான் அரசே. வீரன்தான்."

நிஜத்தில் ஈட்டி எங்கே பட்டதோ! உடம்பைக் குளிப்பாட்டியவள் பூவாயி. அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

"சபாஷ்! நிலம் கேள், தருகிறேன்" என்றார் ராஜா.

"நிலம் வேணாம். கல்லுல இன்னும் எழுத்து வெட்டல. யார் ஆட்சியில, எதுக்குச் செத்தான்னு வெட்டுறதுதான வழக்கம்? அதுக்கு உத்தரவு கொடுங்க."

"கொடுத்தேன். வீரன் என்றுதானே வெட்டப்போகிறாய்?"

"வீரன்னும் வேணாம், திருடன்னும் வேணாம், பாவப்பட்டவன்னும் வேணாம். 'மணிமாற பூபதி ஆட்சியில், ராஜா பறித்த மாட்டை மீட்கப் போய் மாண்டவன் முத்திருளன்.' அம்புட்டுதான். படிக்கிறவுக முடிவு பண்ணிக்கட்டும்."

ராஜாவின் முகம் சிவந்து, பிறகு வாடியது.

"என் பெயரை மட்டும் விட்டுவிடக் கூடாதா அம்மா?"

"கூடாது மகாராசா."

"வெட்டுங்கள்" என்றார் ராஜா. எழுத்து வெட்டி முடிக்கும்வரை சிங்கராயன் கல்லுக்குக் குடை பிடிக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். சிங்கராயன் கழல் குலுங்கக் குலுங்க வெயிலில் நின்றான்.

இன்று அந்தக் கோட்டை இல்லை, அரண்மனை இல்லை. மணிமாற பூபதி என்று ஒரு ராஜா இருந்தார் என்பதே அந்தக் கல்லைப் படித்துத்தான் நமக்குத் தெரியும்.