பிரதானி வாசலுக்கு வந்த பாடை

முன்னொரு காலத்தில், தன் நிழல்கூடத் தன்னை வேவு பார்க்கிறதோ என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும் ராஜா ஒருவன் இருந்தான். மகிபாலன் என்று பேர். கேழ்வரகு வாங்கிய வீடுகளில் இப்போது அரிசி வாங்குகிறார்கள் என்று ஒற்றர்கள் சொன்னதும் அவனுக்குத் தூக்கம் போயிற்று. செலவு மாறினால் அது திருட்டுப் பணம்தான் என்று முடிவு கட்டினான். போன வருஷச் செலவையே இந்த வருஷமும் எல்லோரும் செய்ய வேண்டும், மாற்றினால் நாடு கடத்தல், காரணம் எதுவும் கேட்கப்படாது என்று முரசறைவித்தான்.

விகடகவி தாண்டவராயனைக் கவிழ்க்கக் காத்திருந்த பிரதானி சூரப்பருக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி ஆயிற்று. சபையில் எழுந்து அவனைச் சுட்டிக் காட்டினார்.

"பிரபோ, இவர் வீட்டில் போன வருஷமெல்லாம் முறுக்கும் சீடையும். இப்போது தினம் பாலும் வாழைப்பழமும். எதிரி நாட்டுப் பணம் புழங்குகிறது போலிருக்கிறது."

தாண்டவராயனுக்குப் பல் விழுந்துபோனதுதான் விஷயம். சொன்னால் யார் கேட்பார்கள்? ராஜாவோ அவன் வாயைப் பார்க்காமல் மடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைகுட்டிகளோடு எந்த ஊரில் போய்ப் பிழைப்பது? நாளைக் காலைவரை தவணை கேட்டு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான்.

மறுநாள் விடிந்ததும் பிரதானி வாசலில் சங்கு ஊதியது. கூடவே பச்சை மூங்கிலில் கட்டிய பாடை. சூரப்பர் அலறியடித்துக்கொண்டு சபைக்கு ஓடினார். பின்னாலேயே பாடையோடு தாண்டவராயனும் வந்தான்.

ராஜா கண்ணைச் சுருக்கினான். "இதில் என்ன சூழ்ச்சி?"

"சூழ்ச்சி இல்லை மகாராஜா, சட்டம். போன வருஷம் பிரதானியாருடைய தகப்பனார் தவறினார். பாடை, சங்கு, கருமாதி என்று பெருஞ்செலவு. இந்த வருஷம் அது இல்லாவிட்டால் பாவம், இவரை நாடு கடத்திவிடுவீர்களே. அதனால்தான் ஏற்பாடு செய்தேன். யார் படுப்பது என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள்."

"எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லையே ஐயா" என்று சூரப்பர் குழறினார்.

"அப்படியானால் செலவு மாறுகிறதே. சந்தேகமாக இருக்கிறது."

ராஜா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். தாண்டவராயன் குரலைத் தாழ்த்தினான். "அரண்மனையிலும் போன வருஷம் தங்கள் கல்யாணச் செலவு. இந்த வருஷத்துக்குப் பெண் பார்க்கச் சொல்லட்டுமா?"

திரைக்குப் பின்னால் ராணியின் வளையோசை சட்டென்று நின்றது. ராஜா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சட்டம் ரத்து என்று அவசரமாக அறிவித்துவிட்டு, சபை அதிரச் சிரித்தான். சூரப்பர் தலை கவிழ்ந்து நின்றார்.

பிறகு பொற்கிழி ஒன்றை நீட்டிய ராஜா, பழக்க தோஷத்தில் கேட்டுவிட்டான். "இதை எதற்குச் செலவு செய்வாய்?"

தாண்டவராயன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். "கேள்வியைத் தாங்களே வைத்துக்கொள்ளுங்கள் மகாராஜா. கிழி மட்டும் போதும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி கிழியை அவன் மடியில் போட்டான்.